தீயைக் கூட்டினாலும் நூறு பாகைதான்: வீட்டில் தீநீர் வடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தங்கை ஒருவர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "அக்கா, மணந்து பாருங்கள். இது ஓமத் தீநீர் மாதிரியா இருக்கிறது?" மூடியைத் திறந்தேன். ஓமத்தின் உறைப்பான மணம் எங்கோ அடியில் கிடந்தது. அதன் மேல் கருகிய பருப்பின் வாடை ஏறி நின்றது. இரண்டு மணித்தியாலம் அடுப்பை முழுச் சுவாலையில் எரியவிட்டிருக்கிறார். ஆனால் அவர் கவனமில்லாதவர் அல்லர். மூடியில் துளையிட்டு, வெப்பமானியைச் செருகி, பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். "100 பாகைக்கு மேல் ஒரு கோடுகூட ஏறவில்லை அக்கா. பிறகு எப்படிக் கருகியது?"

உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனம் கற்பித்த ஆண்டுகளில் இதே கேள்வியை வேறு வேறு வடிவங்களில் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் அதற்கான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். வீட்டில் விடை தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தால் பொருளும் வீண், காஸும் வீண், சில வேளைகளில் கையும் வெந்துபோகும். ஆகவே அந்தத் தங்கைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சித்த மருத்துவம் வகுத்த 32 அக மருந்துகளுள் தீநீரும் ஒன்று. மூலிகையை நீருடன் வாலை எனும் வடிகலத்திலிட்டு எரித்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதே தீநீர். திருமண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து நம்மீது தெளிக்கப்படும் பன்னீரும் இதே முறையில் பிறந்ததுதான். கறுவா எண்ணெய் எடுப்பதும் இதன் தொடர்ச்சியே. பாடப் புத்தகம் இதைக் கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பு என்கிறது. மதுசாரம் வடிப்பது முற்றிலும் வேறு விடயம். உரிமமின்றி அதைச் செய்வது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். மதுசார ஆவி தீப்பற்றும் என்பதால் வீட்டு அடுப்பில் அது உயிராபத்தும்கூட. இனி வருபவை நீரும் மூலிகையும் மட்டுமே உள்ள பானைக்கு உரியவை.

வெப்பமானியைப் பார்த்துத் தீயைத் தீர்மானிப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். அடுப்பைக் கூட்டினால் பானைக்குள் வெப்பநிலை கூடும், குறைத்தால் குறையும் என்று நாம் நினைக்கிறோம். எண்ணெய்ச் சட்டிக்கு அது உண்மை. கொதிக்கும் நீருக்கு அப்படியல்ல. கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கத் தொடங்கியபின், நீங்கள் எவ்வளவு எரித்தாலும் அது 100லேயே நிற்கும். கூட்டிய தீ முழுவதும் நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. வெப்பநிலை மாறாது, ஆவி வரும் வேகம் மட்டும் மாறும். வெப்பமானியால் அந்த வேகத்தைக் காட்ட முடியாது. மெதுவாகக் கொதிக்கும் பானையிலும் பொங்கிச் சீறும் பானையிலும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அப்படியானால் ஓமம் எப்படிக் கருகியது? வெப்பமானி இருந்தது மேலே, ஆவியில். அரைத்த ஓமம் கிடந்தது பானையின் அடியில், சுவாலைக்கு நேர்மேலே. மாவாக அரைத்த பொருள் அடியில் படிந்து ஒட்டிக்கொண்டால் அந்தப் படலத்துக்குள் நீர் எளிதில் புகாது. அங்கே உலோகத்தின் சூடு 100ஐத் தாண்டிப் போகும், பொருள் தீயும், தீய்ந்த வாடை ஆவியோடு சேர்ந்து ஏறி வரும். அதுவரை வெப்பமானி பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரையும் குழப்புவது இது. கறுவாப்பட்டை எண்ணெயின் முதன்மைச் சேர்மமான சினமல்டிஹைட்டின் கொதிநிலை சுமார் 248 பாகை. கறுவா இலை எண்ணெயில் மிகுந்திருக்கும் யூஜினோலுக்கு அது 254. ஓமத்தின் தைமோலுக்கு 232. இந்த எண்களைப் பார்த்தவர்கள் "அவ்வளவு சூடு கொடுக்காவிட்டால் எண்ணெய் வராதே" என்று தீயை ஏற்றுகிறார்கள். தேவையே இல்லை. நீரோடு கலவாத எண்ணெய் நீருடன் சேர்ந்து கொதிக்கும்போது இரண்டின் ஆவியமுக்கங்களும், அதாவது அவற்றின் ஆவி வெளியே தள்ளும் அமுக்கங்களும், கூட்டப்படுகின்றன. அந்தக் கூட்டுத்தொகை வளிமண்டல அமுக்கத்தை எட்டியதும் கலவை கொதித்துவிடும். நீர் தனியே 100 பாகையில் அந்த அமுக்கத்தை எட்டும் என்றால், எண்ணெயின் சிறு பங்கும் சேர்வதால் 100க்குச் சற்றுக் கீழேயே காரியம் முடிகிறது. 250 பாகையில் கொதிக்க வேண்டிய எண்ணெயை 100 பாகையில், வேகாமல், கெடாமல் கொண்டுவரும் இந்த உத்தியை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். தீயை ஏற்றுபவர் அந்த உத்தியின் பயனையே வீணாக்குகிறார்.

காடாக்கினியில் தொடங்கி காடாக்கினியிலேயே முடிப்பது

நம் மருத்துவ மரபு தீயை மூன்றாகப் பிரித்தது: விளக்கின் திரி போல் எரியும் தீபாக்கினி, தாமரை மலர்ந்தது போன்ற கமலாக்கினி, காடு பற்றியது போன்ற காடாக்கினி. அந்தக் காலத்தவரிடம் வெப்பமானி இல்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், அவர்கள் அளந்தது வெப்பநிலையை அல்ல, தீயின் வலுவை. தீநீர் வடிப்பவருக்குத் தேவையான சரியான அளவு அதுதான்.

நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வரை கமலாக்கினி தாராளமாகப் போதும். அந்தக் கட்டத்தில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் பெரிய கேடில்லை, பொருள் அடியில் படாமல் இருந்தால். 90 பாகை அளவில் பானை முணுமுணுக்கத் தொடங்கும், குழாயின் தொடக்கத்தைத் தொட முடியாமல் சூடேறும். அப்போதே தீயைத் திரியளவுக்கு இறக்கிவிட வேண்டும். பலர் முதல் துளி விழும்வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் பானை பொங்கிவிடுகிறது. ஓமம், சீரகம் போன்ற விதைகளை அரைத்துப் போட்டால் நுரை மிகுதியாக எழும். அந்த நுரை குழாய்க்குள் ஏறினால் போத்தலில் விழுவது தீநீர் அல்ல, மஞ்சள் நிறக் கஷாயம். வடிந்த நீர் கண்ணாடி போல் தெளிவாகவோ, எண்ணெய் மிகுந்தால் பால் கலந்தது போல் மங்கலாகவோ இருக்கலாம். மஞ்சளோ பழுப்போ கண்டால் பானை பொங்கியிருக்கிறது என்று பொருள். பானையைப் பாதிக்குமேல் சற்றுக்கூட நிரப்பாதீர்கள். விதைகளை மாவாக அரைக்காமல் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். இடித்ததைத் தண்ணீருக்குள் கொட்டாமல், தண்ணீருக்கு மேலே ஒரு தட்டில் வைப்பது இன்னும் நல்லது. நம் வீடுகளில் இடியப்பம் அவிக்கும் பானையும் அதன் துளைத்தட்டும் இருக்கின்றனவே, அவை இதற்கென்றே செய்தவை போல் பொருந்தும். தட்டின்மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்தால் பொருள் கீழே உதிராது, அடியில் கருக எதுவும் இருக்காது.

சரியான வேகத்தை எப்படி அறிவது? துளிகளை எண்ணுங்கள். ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 100 துளி விழுந்தால் மணித்தியாலத்துக்கு 300 மில்லிலீற்றர் கிடைக்கும். மூன்று, நான்கு லீற்றர் கொள்ளும் வீட்டுப் பானைக்கு அது நிறைவான வேகம். துளிகள் சேர்ந்து நூலாக ஓடத் தொடங்கினால் தீ அதிகம். துளிகளின் இடைவெளி கூடிக்கூடி நின்றுபோனால் தீ குறைவு, அல்லது எங்கோ ஆவி கசிகிறது. இந்த வேகத்துக்குப் பானைக்குள் போய்ச் சேர வேண்டிய வலு சுமார் 200 வாட் மட்டுமே. மூடியிலும் சுவரிலும் இழக்கும் வெப்பத்தைச் சேர்த்தாலும், காஸ் அடுப்பின் சின்னப் பேர்னரை மிகக் குறைத்து வைத்தால் போதும். பெரிய பேர்னரை முழுமையாகத் திறந்து வைப்பவர் தேவைக்குப் பல மடங்கு எரிக்கிறார்.

இன்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விலை குறைந்த அடுப்புகள் பல, குறைந்த அளவில் வைக்கும்போது உண்மையில் குறைவாக எரிவதில்லை. சில வினாடி முழு வலுவில் எரிந்து, சில வினாடி அணைந்து, மறுபடி எரிகின்றன. சோறு சமைக்க அது போதும். தீநீருக்கு அந்த விட்டுவிட்டு எரியும் தீ தொல்லை, ஆவி சீறுவதும் அடங்குவதுமாக இருக்கும். அடி தடித்த பானை அதை ஓரளவு சமன்படுத்தும்.

மணிக்கூட்டைத் தவறான நேரத்தில் தொடங்குவது

"எத்தனை மணித்தியாலம் வடிக்க வேண்டும்?" என்று கேட்பவர்களிடம் "எப்போதிலிருந்து?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அடுப்பைப் பற்றவைத்த நேரத்திலிருந்து கணக்கிடுவது பொருளற்றது. பானையின் அளவு, நீரின் அளவு, அடுப்பின் வலு எல்லாவற்றையும் பொறுத்துக் கொதிநிலைக்கு வரும் நேரம் மாறும். முதல் துளி விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வடிப்பு நேரம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் கொதிக்க எடுத்த நேரமும் வீணான தகவல் அல்ல. அதிலிருந்து ஓர் அருமையான கணக்குக் கிடைக்கிறது, இதை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் குழாய்த் தண்ணீர் சுமார் 28 பாகையில் வருகிறது. ஒரு லீற்றரை அங்கிருந்து 100க்கு ஏற்ற ஏறத்தாழ 300 கிலோயூல் சக்தி வேண்டும். அதே ஒரு லீற்றரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோயூல் வேண்டும். ஏழரை மடங்கு. ஆகவே ஒரே அளவு தீயில், பானை கொதிக்க 12 நிமிடம் எடுத்தால், அது முற்றாக வற்ற சுமார் 90 நிமிடம் எடுக்கும். மெய்யாகவே பானை வெப்பத்தை இழப்பதால் இன்னும் சற்று அதிகமாகும். எனவே இந்தக் கணக்கை நம்பினால் நாம் பாதுகாப்பான பக்கத்தில்தான் இருப்போம். தீயைக் குறைத்தபின் நேரம் அதற்கேற்ப நீளும்.

கீழ்த்தளத் தங்கை ஒன்றரை லீற்றர் வைத்திருந்தார். முழுத் தீயில் 10 நிமிடத்துக்குள் கொதித்திருக்கிறது. அப்படியென்றால் ஏறக்குறைய 75 நிமிடத்தில் பானை வற்றும் நிலைக்கு வந்திருக்கும். அவர் எரித்ததோ இரண்டு மணித்தியாலம். கடைசி மணித்தியாலத்தில் பானையின் அடியில் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. வைத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் பானையிலேயே மிஞ்ச வேண்டும். மூன்று லீற்றர் வைத்தால் ஒரு லீற்றர், மிஞ்சிப்போனால் ஒன்றரை வடித்ததும் நிறுத்துங்கள்.

எவ்வளவு நேரம் என்பது பொருளைப் பொறுத்தது. எலுமிச்சைப்புல் விரைவாகத் தந்துவிடும், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அதை வருத்துவதில் பயனில்லை. இடித்த ஓமத்துக்கு இரண்டு மணித்தியாலம். கறுவாப்பட்டை அப்படியல்ல. எண்ணெய் மரத்தசைக்குள் பொதிந்திருக்கிறது, மெதுவாகத்தான் வெளிவரும். மூன்று, நான்கு மணித்தியாலமாவது திரித்தீயில் இருக்க வேண்டும். இடையில் நீர் குறைந்தால் கொதிநீரைத்தான் சேர்க்க வேண்டும், குளிர்ந்த நீர் ஊற்றினால் ஆவி நின்றுவிடும். வெட்டிவேர் இன்னும் பிடிவாதம். தொழிற்சாலைகளில் அதை அரை நாளுக்கு மேலும் வடிப்பார்கள். வீட்டு அடுப்பில் வெட்டிவேர் எண்ணெய் எடுக்க முயலாதீர்கள். வேரை இரவெல்லாம் ஊறவைத்து, மணமுள்ள தண்ணீர் எடுத்துக்கொள்வதோடு நிறைவடையுங்கள்.

ரோசாவில் நேரத் தவறு வேறு விதமாக வரும். பன்னீரின் இதமான மணத்துக்குக் காரணமான பீனைல் எதில் அல்ககோல் நீரில் நன்றாகக் கரையும். அதனால்தான் ரோசா எண்ணெயைவிடப் பன்னீரில் அது மிகுந்திருக்கிறது. முதலில் வரும் பகுதி செறிவானது, மணம் கூர்மையானது. நேரம் போகப்போக வெறும் நீரும், வெந்த கீரையின் வாடையும் சேர்ந்து வரும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போத்தலை மாற்றுங்கள். முதல் போத்தல், இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிட்டு, ஆறியபின் மணந்து பார்த்து, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அடுத்தமுறைக்குத் தீர்மானியுங்கள். எல்லாவற்றையும் ஒரே போத்தலில் பிடித்தால் கடைசி அரை மணித்தியாலம் முதல் அரை மணித்தியாலத்தையும் கெடுத்துவிடும். சூடாக இருக்கும்போது மணந்து முடிவு செய்யவும் கூடாது. ஆவியோடு வரும் சமைத்த வாடையில் கொஞ்சம் ஓரிரு நாளில் அடங்கும்.

கொழும்பின் வெக்கையை மறந்து குளிரவைப்பது

இதுதான் நம் ஊருக்கே உரிய தவறு. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் "குழாய்த் தண்ணீரை ஒடுக்கியில் ஓடவிடுங்கள்" என்று, ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் பகுதியைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடும். அங்கே குழாய்த் தண்ணீர் 10 பாகையில் வரும். நம் தொடர்மாடிகளில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து நண்பகலில் இறங்கும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகவே இருக்கும். அதைக்கொண்டு எதைக் குளிரவைப்பது?

ஆவியாக்க எடுத்த 2,257 கிலோயூலை ஒடுக்கி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு லீற்றர் தீநீர் பிடிக்க, 28 பாகையில் நுழைந்து 48 பாகையில் வெளியேறும் தண்ணீர் ஏறக்குறைய 30 லீற்றர் வேண்டும். 20 லீற்றர் வாளியில் தண்ணீர் வைத்துச் சிறு பம்பினால் சுழற்றுபவர்கள் கவனியுங்கள். மணித்தியாலத்துக்கு 300 மில்லிலீற்றர் வடியும் வேகத்திலேயே அந்த வாளி மணித்தியாலத்துக்கு 9 பாகை சூடேறும். இரண்டு மணித்தியாலத்தில் அது 46 பாகையைத் தொட்டுவிடும். அப்போதிருந்து போத்தலில் விழுவது சூடான நீர், அதனுடன் மணம் அறை முழுவதும் பரவும். "வீடே மணக்கிறது!" என்று மகிழ்கிறோம். அந்த மணம் போத்தலுக்குள் இருக்க வேண்டியது.

ஆகவே இரண்டாவது வெப்பமானியை, அல்லது முதல் வெப்பமானியையே எடுத்து, வடிந்து விழும் நீரில் வையுங்கள். ஆவியில் வைத்தால் 100 என்ற ஒரே செய்தியைத்தான் தரும். வடிநீரில் வைத்தால் உங்கள் தீயும் குளிரும் சமநிலையில் உள்ளனவா என்பதைச் சொல்லும். 40 பாகைக்குக் கீழே இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் தீயைக் குறையுங்கள், அல்லது வாளித் தண்ணீரை மாற்றுங்கள். அதிகாலையில் வடிப்பதும் ஒரு வழி. தாங்கித் தண்ணீர் அப்போதுதான் சற்றுக் குளிர்ந்திருக்கும். ரோசா இதழையும் விடிகாலையிலேயே பறிப்பார்கள், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

பானைக்குள் கிண்ணம் வைத்து, மூடியைக் கவிழ்த்து, மேலே பனிக்கட்டி போட்டு வடிப்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். எளிய முறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பனிக்கட்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: கால் லீற்றர் வடிக்க ஒரு கிலோவுக்கு மேல் பனிக்கட்டி வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டுக் கட்டிகள் சில நிமிடங்களில் கரைந்துவிடும். கரைந்தபின்னும் வடிக்கிறோம் என்ற நினைப்பில் வெறுமனே நீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, பிடித்த தீநீர் உள்ளே கொதிக்கும் பானைக்குள்ளேயே இருக்கிறது. அது ஆறுவதில்லை, மறுபடி ஆவியாகிறது. ஆகவே இந்த முறையில் 30, 40 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். கிண்ணம் அடியைத் தொடாமல் ஒரு தாங்கியின்மேல் இருக்கட்டும்.

அதற்காக எல்லாவற்றையும் பனிபோல் குளிரவைப்பதும் சரியல்ல. ஓம எண்ணெயில் மிகுந்துள்ள தைமோல் 50 பாகை அளவில்தான் உருகும். தூய தைமோல் நம் ஊர் வெக்கையிலும் படிகமாகவே இருக்கும். எண்ணெயில் கரைந்திருப்பதால் பெரும்பாலும் திரவமாக வருகிறது, ஆனால் ஒடுக்கியைப் பனிக்கட்டியில் ஆழ்த்தினால் மெல்லிய குழாய்க்குள் படிகம் கட்டத் தொடங்கலாம். ஓமம் வடிக்கும்போது வடிநீர் 35 பாகை அளவில் வரட்டும். துளி திடீரென்று நின்றால் முதலில் தீயை அணையுங்கள், பிறகு காரணம் தேடுங்கள்.

மூடியை முற்றாக அடைப்பது

சித்தர் மரபில் பாண்டங்களின் வாயை இணைத்துச் சீலைமண் செய்வார்கள், துணியும் மண்ணும் கொண்டு பூசி அடைப்பார்கள். நாங்கள் கோதுமை மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி ஒட்டுகிறோம். இது நல்ல பழக்கம், ஆவி கசிந்தால் உழைப்பு வீண். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வடிகுழாயின் மறுமுனை எப்போதும் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். மா ஒட்டு பலவீனமானது, அமுக்கம் ஏறினால் அதுவே பிய்ந்து வழிவிடும். அந்தப் பலவீனம் நமக்குப் பாதுகாப்பு.

பிரஷர் குக்கரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. விசில் இருக்கும் துளையில் குழாய் செருகி வடிக்கும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. குழாய் அடைபட்டால், ஓம உமியோ ஒரு ரோசா இதழோ போதும், உள்ளே அமுக்கம் ஏறும். விசில் எடையுடன் சமைக்கும் வழக்கமான குக்கரில் நீர் சுமார் 120 பாகையில் கொதிக்கும். எடையை எடுத்துவிட்டோமே என்று நாம் நினைக்கும் குக்கரும், குழாய் அடைபட்டால் அதே நிலைக்கும் அதைத் தாண்டியும் போகும். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள், மாற்றாதீர்கள். துளைக்குக் கீழே பொருள் எழும்பாமல் ஒரு வலைத்தட்டு வையுங்கள். இது பற்றி எனக்கு இரண்டு எண்ணமில்லை: குக்கர் வேண்டாம், இடியப்பப் பானையே போதும் என்பேன்.

திறந்த முனையிலும் ஒரு தவறு நடக்கிறது. மணம் போகக்கூடாது என்று குழாயின் நுனியைப் போத்தலில் உள்ள நீருக்குள் முக்கிவிடுகிறார்கள். எரியும்வரை ஒன்றும் தெரியாது. அடுப்பை அணைத்ததும் பானைக்குள் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அது போத்தலில் உள்ள தீநீரை அப்படியே பானைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காலை முழுவதும் வடித்த பன்னீர் சில வினாடிகளில் வெந்த இதழ்க் கஞ்சிக்குள் போனதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அன்று நான் அழவில்லை என்றால் பொய். நுனி நீர்மட்டத்துக்கு மேலே தொங்கட்டும். அணைப்பதற்கு முன் போத்தலை எடுத்துவிடுங்கள்.

வெப்பத்துக்கு ஒவ்வாத பொருள்களை வடிப்பது

சுருக்கமாக: மல்லிகையை வடிக்காதீர்கள். கொச்சிக்கடையிலும் செட்டியார் தெருவிலும் கோயில் வாசல்களில் குவிந்திருக்கும் மல்லிகையைப் பார்த்து ஆசை வரும். 100 பாகை ஆவி அதன் மணத்தைச் சிதைத்துவிடும். அதனால்தான் வாசனைத் தொழிலில் அதைக் கரைப்பான்களால் எடுக்கிறார்கள், முன்பு கொழுப்பில் ஏற்றினார்கள். பூக்கடைகளில் விற்கும் நீண்ட காம்புள்ள ரோசாவும் வேண்டாம், மணமும் குறைவு, மருந்து தெளித்ததாகவும் இருக்கும். பன்னீர் ரோசாச் செடி வைத்திருப்பவரைத் தேடுங்கள். கறுவாவுக்கு நல்ல குச்சி வாங்க வேண்டியதில்லை. எண்ணெய் எடுக்கவென்றே பயன்படும் உடைந்த துண்டுகளும் துகள்களும் மலிவாகக் கிடைக்கும். புறக்கோட்டை கெபோஸ் லேனின் மருந்துச் சரக்குக் கடைகளில் ஓமமும் பட்டையும் வாங்குவேன். வாங்கும்போது விரல்களுக்கிடையே கசக்கி மணந்துவிட்டுத்தான் வாங்குவேன். மணமில்லாத சரக்கை எந்தத் தீயும் மணக்கவைக்காது.

கறுவா வடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் எண்ணெய் நீரைவிடச் சற்றுக் கனமானது, அடியில் தங்கும். மேலே மிதக்கவில்லை என்று எண்ணி மேல்நீரோடு சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். 100 கிராம் பட்டையிலிருந்து ஒரு மில்லிலீற்றரோ அதற்கும் குறைவோதான் வரும். அது செறிவான பொருள், தோலில் பட்டால் எரியும், உட்கொள்ளக்கூடாது.

குழாய்க்குச் செம்போ துருவேறா உருக்கோ போதும். பிளாஸ்டிக் குழாய் கொதியாவியில் இளகும், நறுமண எண்ணெய்கள் அதை அரிக்கவும் செய்யும். ஈயப் பற்றுவைத்த பழைய பாத்திரங்களை உள்ளே எடுக்கும் தீநீருக்குப் பயன்படுத்தாதீர்கள். மலையகத்தில் உறவினர் வீட்டில் வடிக்கும்போது வெப்பமானி 100ஐத் தொடவில்லையே என்று தீயைக் கூட்ட வேண்டாம். சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும்.

அணைத்தபின்

வடித்து முடிந்ததும் மூடியை உடனே திறக்காதீர்கள், 20 நிமிடமாவது ஆறட்டும். போத்தல்களை முன்கூட்டியே கொதிநீரில் அவித்து, கவிழ்த்து உலரவைத்திருக்க வேண்டும். வீட்டுத் தீநீரில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை, இந்த ஊரின் ஈரப்பதத்திலும் வெக்கையிலும் வெளியில் வைத்தால் சில நாள்களிலேயே அதில் நுண்ணுயிர் குடியேறும். சிறு போத்தல்களில் நிரப்பி, தேதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். அடியில் பஞ்சுபோல் எதையாவது கண்டால் ஊற்றிவிடுங்கள். கைக்குழந்தைக்கு வீட்டில் வடித்த ஓமத் தீநீரைக் கொடுக்கவே வேண்டாம். செறிவு ஒவ்வொரு முறையும் வேறுபடும், குழந்தையின் வயிறு அதைத் தாங்காது. வயிற்றுவலி என்றால் வைத்தியரிடம் போங்கள்.

கீழ்த்தளத் தங்கை போன வாரம் மறுபடி வடித்தார். இம்முறை மூன்று லீற்றர் தண்ணீர், தட்டின்மேல் ஒன்றிரண்டாக இடித்த 100 கிராம் ஓமம், சின்னப் பேர்னரில் திரித்தீ. துளிகளை எண்ணினார், நிமிடத்துக்கு 90. வடிநீர் 36 பாகை. முதல் துளியிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் அரை லீற்றருக்குச் சற்று மேலே பிடித்து நிறுத்திவிட்டார். போத்தலைத் திறந்தபோது கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஓமம் உறைத்தது.